இராசமலரின் வாய்ப்பூட்டு

“சொல்லும் பிள்ளை, அந்த மனிசன் ஒரு மணித்தியாலமா உம்மோடை என்ன கதைச்சவர்?”

பாலேஸ்வரி ரீச்சர் சிவப்புப் பேனையோடு காத்திருந்தார். எதிரே இராசமலர் கதிரை நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

உடுவிலில் ஒரு வாடகை வீட்டில் நடந்த சின்னக் கல்லூரி அது. பதினெட்டுப் பேருக்குச் சமூக சேவை படிப்பித்தார்கள். சனத்தின் துயரத்தைக் காதுகொடுத்துக் கேட்பது அங்கே ஒரு பாடம். கேட்க வேண்டும், புத்தி சொல்லக் கூடாது, கேட்டதை வெளியே விடவும் கூடாது. இராசமலருக்கு இதில் முதலாவது மட்டும் நன்றாக வரும்.

முதல்தரம் செய்முறைப் பரீட்சையில், மகளுக்குக் கலியாணம் சரிவரவில்லையென்று அழுத ஒரு அம்மாவுக்கு, வல்வெட்டித்துறையில் மாப்பிள்ளையே பார்த்துச் சொல்லிவிட்டாள். இரண்டாந்தரம் வாயைப் பொத்திக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் காலையில் கேட்ட கதை பின்னேரம் விடுதிக் கிணற்றடியில் சிரிப்பாய்ச் சிரித்தது. உலை வாயை மூடலாம், இவள் வாயை மூட ஏலுமா?

இது மூன்றாந்தரம், கடைசித்தரம். சித்தியடைந்தால் அகதி முகாமில் வேலை. இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மீன்பிடிக்கக் கடலுக்குப் போக வழியில்லாமல் அவளைப் பெற்ற ஐயா வள்ளத்தைக் கரையேற்றி வைத்திருந்தார். வீட்டில் அவளைத்தான் நம்பியிருந்தார்கள்.

வழக்கமாகப் பரீட்சைக்குத் துயரம் சொல்ல வருகிற ஆள் அன்று வரவில்லை. ரீச்சர் அவசரத்துக்கு யாரையோ பிடித்து அனுப்பியிருந்தார். செல்வநாயகம் என்று பெயர் சொன்ன அந்த மனிதர் முழங்கால் நோவில் தொடங்கி, ஐந்து நிமிடத்தில் மனைவியைப் பற்றிய கதைக்குப் போய்விட்டார்.

“பிள்ளை, வவுனியாவிலை தனிய வேலையா இருக்கேக்கை எனக்கும் ஒரு வாய் இருந்தது. போன மாசம் பென்சனோடை வந்து பாக்கிறன், வீட்டிலை ஒரு வாய்க்குத்தான் இடம். மீன் வாங்கப் போன கதையைச் சொல்லத் தொடங்கி மூண்டு நாள். நான் இன்னும் சந்தையிலைதான் நிக்கிறன்.”

இராசமலர் சிரிப்பை விழுங்கினாள். ஆனால் போகும்போது, “என்னை ஒருத்தர் முழுசாக் கதைக்க விட்டு எவ்வளவு காலம்” என்று அவர் கண்ணைத் துடைத்ததும் அவளுக்குச் சிரிப்பு ஓடிப்போயிற்று. பாவம் மனிசன்.

இப்போது ரீச்சர் விடுவதாயில்லை.

“என்ன பிள்ளை, வாயிலை கொழுக்கட்டையே?”

“ரீச்சர், அவர் என்னை நம்பி…”

“நம்பித்தான் சொல்லியிருப்பார். என்னத்தைச் சொன்னவர் எண்டுதான் கேக்கிறன். மனிசியைப் பற்றி ஏதும்?”

இராசமலருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரீச்சர் எப்படிக் குறிபார்த்து எறிகிறார்!

“நான் அதை…”

“சொல்லலாம். சமையலைக் குறை சொன்னவரோ? ஒரு சொல்லு சொன்னாலும் காணும். புள்ளி போடுறதெண்டால் எனக்குத் தெரிய வேணுமெல்லே?”

ஆழம் பார்க்கிறார் என்று இராசமலருக்கு விளங்கிவிட்டது. மீன் கதை நாக்கு நுனியில் நின்று துடித்தது. எத்தனை நல்ல கதை! நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“ரீச்சர், மூண்டாந்தரமும் பெயிலாக்கினாலும் பரவாயில்லை. அந்த மனிசன் அழுதழுது சொன்னதை நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”

“அழுதவரோ?” என்றார் ரீச்சர்.

இராசமலர் வாயை இறுக்கிப் பூட்டினாள். ரீச்சர் பெருமூச்சு விட்டு, தாளில் ‘சித்தி’ என்று எழுதினார். முகத்தில் அவ்வளவு சந்தோசமில்லை. அதையெல்லாம் கவனிக்கிற நிலையிலா இருந்தாள் இராசமலர்? அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

வெளியே ஓடிவந்து, வேலியோரம் சாத்தியிருந்த சைக்கிளை எடுக்கக் குனிந்தாள். அப்போது வாசல் படலையடியில் ரீச்சரின் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். செல்வநாயகம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்க, ரீச்சர் பின் கரியரில் ஏறி இருந்துகொண்டிருந்தார்.

“இஞ்சருங்கோ, நானும் தலைகீழா நிண்டு கேட்டுப் பாத்திட்டன், அந்தப் பெட்டை வாய் திறக்கிறாளில்லை. நீங்களாவது சொல்லுங்கோ, என்னைப் பற்றி அவளிட்டை என்ன சொன்னனீங்கள்?”