பீரோ நகரமாட்டேங்குது

"பாத்தீங்களா? கட்டில் ஏறிடுச்சு, மெத்தை ஏறிடுச்சு. ரெண்டு மருமகளும் வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்காங்க? 'போகாதீங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?"

எதிர்வீட்டு அம்மா மாடியில் துணி உலர்த்திக்கொண்டே, தெருவுக்கே கேட்கிற மாதிரி அங்கலாய்த்தாள்.

கேள்வி நியாயம்தான். சண்டை போட்டது என்னவோ அண்ணனும் தம்பியும். அதுவும் ஹால் ஃபேனை மூணில் வைப்பதா, அஞ்சில் வைப்பதா என்று. ஃபேனில் ஆரம்பித்தது, "இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்பதில் வந்து நின்றது. அண்ணன் வேறு வீடு பார்த்துவிட்டார். மருமகள்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. பெரியவள் பாட்டுக்குப் பாத்திரங்களை மூட்டை கட்டினாள். சின்னவள் பாட்டுக்குக் கயிறு எடுத்துக் கொடுத்தாள்.

வண்டியில் ஏற வேண்டியது உள் அறை இரும்பு பீரோ மட்டும்தான்.

அண்ணன் தனியாகத் தள்ளிப் பார்த்தார். தம் கட்டினார். முகம்தான் சிவந்தது.

"ஒருத்தரால ஆகாதுங்க. உங்க தம்பியைக் கூப்பிடுங்க" என்றாள் அவர் மனைவி. பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர்.

"நான் எதுக்குக் கூப்பிடணும்? நீ கூப்பிடு."

தம்பி வந்தார். அண்ணன் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அண்ணி, எந்தப் பக்கம் தள்ளணும்னு அவரைக் கேட்டுச் சொல்லுங்க."

"வாசப் பக்கம்னு சொல்லு" என்றார் பக்கத்திலேயே நின்ற அண்ணன்.

"வாசப் பக்கமாம்" என்றாள் டீச்சர்.

"உள்ள இருக்கிறதை எடுத்துட்டா லேசாயிடுமேன்னு சொல்லுங்க."

"துணியெல்லாம் மடிச்சு வெச்சிருக்கேன், கலைஞ்சுடும். ரெண்டு ஆம்பளைங்க இருக்கீங்க, இதுகூடவா முடியாது?"

அதற்கு மேல் எந்த ஆம்பளை வாய் திறப்பான்? இரண்டு பேரும் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டார்கள்.

"இருங்க, இருங்க! வெறுங்காலோடயா? பீரோ ஏறிச்சுன்னா நகம் பேந்துடும்." டீச்சர் ஓடிப்போய்க் கணவரின் ஆபீஸ் சாக்ஸ் இரண்டு ஜோடி கொண்டுவந்து, மாட்டிக்கொள்ளும் வரை விடவில்லை. "சின்னவளே, நீ முன்னாடி நின்னு பீரோ சாயாம பிடிச்சுக்க."

"சரிக்கா."

"ம்... ஒண்ணு, ரெண்டு, மூணு!"

பீரோ அப்படியே நின்றது. தள்ளிய இருவரும்தான் பளபளவென்ற தரையில் மெல்லப் பின்னால் போனார்கள்.

"என்னது, அது நிக்குது, நான் போறேன்?" அண்ணன் அலறினார்.

"நியூட்டனோட மூணாவது விதி. நீங்க அதை எவ்வளவு தள்றீங்களோ, அதுவும் உங்களை அவ்வளவு தள்ளும்."

"என்னைத் தள்ள அது யாரு?"

"கோவத்தைப் பேச்சுல காட்டாதீங்க, விசையில காட்டுங்க. மறுபடி! ஒண்ணு, ரெண்டு..."

மூணு சொல்வதற்குள்ளேயே இருவரும் பாய்ந்தார்கள். அண்ணன் கால் ஒரு திசையில் போனது, தம்பி கால் இன்னொரு திசையில் போனது. ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்தார். தம்பி கீழே, அவர் மேல் அண்ணன். தொப்பென்று விழுந்தார்கள். பீரோ மட்டும் எனக்கென்ன என்று நின்றது.

அண்ணன் பதறிப்போய் எழுந்தார்.

"டேய், தலையில அடிபட்டுச்சாடா?"

பத்து நாளாகப் பேசாத வாய்.

தம்பி அண்ணாந்து பார்த்தார். "தலையில இல்லண்ணா. நீ விழுந்த வேகத்துல வயித்துல இருந்த டிபன்தான்..."

முதலில் யார் சிரித்தார்களோ தெரியாது. எழுந்திருக்கப் பார்த்தார்கள், மறுபடி வழுக்கினார்கள், மறுபடி சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றது. அண்ணனின் கண்ணில் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

வாசலில் ஹாரன் அடித்தது.

"சார், பீரோ வருதா, வரலையா?" என்று வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அது வராதுப்பா" என்றார் அண்ணன்.

"அப்ப?"

"பீரோவே போகமாட்டேன்னு நிக்குது. நான் போய் என்ன பண்றது? எல்லாத்தையும் இறக்குப்பா."

"நான் இறக்கறேண்ணா!" என்று சாக்ஸோடு ஓடிய தம்பி, வாசலில் இன்னொரு தரம் வழுக்கினார்.

அடுப்படியில் டீ கொதித்தது. வெளியே, மெத்தையை யார் தூக்குவது என்று அண்ணனும் தம்பியும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சின்னவள் டம்ளர்களை வரிசையாக வைத்தாள். தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"அக்கா, திட்டாதீங்க. நீங்க பீரோவைப் பிடிச்சுக்கச் சொன்னீங்கல்ல? நான் பிடிக்கலை. நீங்க போயிடக் கூடாதுன்னு, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு எதிர்ப் பக்கமா தள்ளிட்டேன்."

டீச்சர் அவள் கையை இழுத்துப் பார்த்தாள். உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது. அதைத் தன் முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"அடி அசடு! அந்த ரெண்டு தடிமாடுங்க பலத்துக்கு உன் தள்ளு எந்த மூலைக்கு? கால் தரையைப் பிடிச்சாத்தானே எதையும் தள்ள முடியும்? அதுக்குத்தான் நான் ரெண்டு பேருக்கும் சாக்ஸை மாட்டிவிட்டேன்!"