இரண்டு ஒன்பது

மேஜைமேல் இரண்டு மரக்கோலிகள். இரண்டிலும் ஒன்பது என்ற எண்ணைச் சுட்டுப் பொறித்திருந்தது.

"இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் சார்?" என்றாள் ஒஃபேலியா.

மதியம் பல்கலைக்கழக விசாரணைக் குழு கூடுகிறது. ஒரு மாணவி மோசடி செய்தாள் என்று புகார் கொடுத்தவள், உடன் தேர்வாளராக இருந்த ஒஃபேலியா. பேச வேண்டியதைப் பேராசிரியர் இரியார்த்தேயிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்க அவர் அறைக்கு வந்திருந்தாள். அவளுக்கே சட்டம் சொல்லிக்கொடுத்தவர். இந்த டிசம்பரோடு ஓய்வு பெறுகிறார்.

வாய்மொழித் தேர்வில் பாடத்துக்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு கோலி. கோலிப் பையைக் குலுக்கி நீட்டுவது என்றைக்கும் இரியார்த்தேதான். மாணவர்கள் கையை விட்டு எந்த எண்ணை எடுக்கிறார்களோ, அந்தப் பாடத்தில்தான் கேள்வி.

அவர் மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றி நீட்டினார். அவள் குழலில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"முழுசாக் குடி. பாதியில தள்ளிவிட நான் என்ன உன் மாமியாரா?"

"விளையாடாதீங்க சார். கேளுங்க. நொயேமி ரெண்டு தடவை ஃபெயில். இந்தத் தடவை ஒன்பதை எடுத்தா, பதிலெல்லாம் கொட்டித் தீர்த்துட்டா. அப்புறம் நான் கோலியைப் பெட்டியில அடுக்கறேன், பதினாலைக் காணோம். ஒன்பது ரெண்டு இருக்கு. சட்டைக்கையில ஒரு ஒன்பதை மறைச்சுக் கொண்டுவந்திருக்கா. எண்ணிக்கை சரியா இருக்கணும்னு பதினாலைத் தூக்கிட்டுப் போயிட்டா."

"அவ்வளவு கெட்டிக்காரி ரெண்டு தடவை ஏம்மா ஃபெயிலானா?"

"ஒன்பதைத் தவிர எதுவும் படிக்கலைன்னு வராந்தாவுல உங்ககிட்டயே சொன்னாளாமே?"

"சொன்னா. என்ன படிச்சேன்னு நான்தான் கேட்டேன். எல்லார்கிட்டயும் கேக்கறதுதானே."

"குழந்தை ஆஸ்பத்திரியிலன்னு அழுதாளாம்."

"அழலை. மலைமேல ஹுமாவாக்கா ஊரிலேருந்து குழந்தையைத் தூக்கிட்டு வந்தேன், ஒரு வாரமா ஆஸ்பத்திரி பெஞ்சிலதான் தூங்கறேன்னா. அவ்வளவுதான்."

"கஷ்டம் யாருக்கு சார் இல்ல? எங்கப்பாவை அடக்கம் பண்ணின கையோட நானும் பரீட்சைக்கு வந்தேன். ஒரே ஒரு பாடந்தான் படிச்சிருந்தேன். நீங்க பையை நீட்டினீங்க, கையை விட்டேன், அதுவே வந்துது. மூணு. ஒப்பந்தச் சட்டம். நேர்மையா இருந்தா கடவுள் பார்த்துக்குவார். குழுவுல இதையும் சொல்லப் போறேன்."

"அதைச் சொல்லாதே."

"ஏன்?"

அவர் குடுவையை எடுத்தார். மறுபடி வெந்நீர் ஊற்றினார். குடுவை நிரம்பி மேஜையெல்லாம் வழிந்தது.

"அந்தப் பொண்ணை என்ன பண்ணுவாங்க?"

"நீக்கிடுவாங்க. வேற எங்கயும் சட்டம் படிக்க முடியாது."

இரியார்த்தே ஈரத்தைத் துடைத்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு கோலியை எடுத்து ஒன்பதுகளின் பக்கத்தில் வைத்தார்.

பதினாலு.

"இது... எங்க சார் கிடைச்சுது?"

"என்கிட்டதான் இருந்துது. அவ முறை வந்தப்ப வேற பையை நீட்டினேன். அதுல எல்லாமே ஒன்பது. அப்புறம் நிஜப் பையிலேருந்து ஒன்பதை எடுத்து ஒளிக்கணும். கண்ணாடி போடலை. பதினாலை எடுத்துட்டேன்."

ஒஃபேலியா பதினாலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. கையை விடறவங்க யாருக்கும் தெரியாது."

"இது எவ்வளவு பெரிய தப்பு! உங்க பென்ஷனே போயிடும் சார்."

"தப்புதான். உன்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும். தைரியம் வரலை. இப்ப குழுவுல வந்து நானே சொல்லிடறேன்."

கதவைத் தட்டி அலுவலக உதவியாளர் கிளாடிஸ் எட்டிப் பார்த்தாள். "மேடம், எல்லாரும் வந்தாச்சு. அந்தப் பொண்ணும் வந்திருக்கா. கோலியை எடுத்துட்டு வரச் சொன்னாங்க."

இரியார்த்தே மூன்று கோலிகளையும் பொறுக்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். கதவுவரை போனவர் திரும்பி வந்தார். இழுப்பறையின் அடியிலிருந்து, வாய் கட்டிய ஒரு சின்னத் துணிப் பையை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இதை மட்டும் குழு மேஜையில வைக்க மாட்டேன். நீயே வச்சுக்கோ."

அவர் காலடிச் சத்தம் வராந்தாவில் தேய்ந்தது.

ஒஃபேலியா முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையில் கொட்டினாள். நிறம் மங்கிய பழைய கோலிகள்.

எல்லாமே மூணு.