கீரை தின்ற நண்டுகள்

பெட்டியில் விட்டது ஒரு நண்டு. விடிந்து பார்த்தால் இரண்டு. குட்டி போடவில்லை. யாரும் கொண்டுவந்து வைக்கவும் இல்லை. எப்படி, சொல்லுங்கள்?

நண்டுப் பண்ணைக்கு அம்மாவோடு வந்துபோகும் சின்னவளுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஒன்று நண்டு, மற்றது அது கழற்றிப் போட்ட ஓடு. கழற்றியதும் நண்டு பஞ்சுபோல் இருக்கும். அந்த மென்மையைத்தான் கடைக்காரர்கள் கேட்பார்கள்.

சீக்கிரம் கழற்ற வைக்க, அங்கே வேலை பார்க்கும் பெரியப்பா குறட்டால் நண்டின் கால்களை ஒடிப்பார். அம்மாவுக்கு அது ஆகாது. இரையைக் கீரைச்சாற்றில் ஊறவைத்துப் போட்டாலே கழற்றும் என்றாள்.

"ஆளுக்கு இருபது நண்டு, இருபது நாள்," என்றார் முதலாளி. "எது ஜெயிக்குதோ, பண்ணை முழுக்க அதுதான். தோத்தா நீயும் குறடு பிடிக்கணும்."

"நண்டுக்குக் கீரை ஊட்டுறா. அடுத்து தாலாட்டும் பாடுவா," என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார் பெரியப்பா.

இன்று கடைசி நாள். ஓடு கழற்றிய நண்டுகள் குளிர்பெட்டியில் அவரவர் தட்டில் இருந்தன. காலையில் பெரியப்பாவுக்கு ஒன்பது, அம்மாவுக்கு எட்டு.

சின்னவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் குளிர்பெட்டிக்குமாக நடந்தாள். ஒரு நடையில் பார்த்தாள்: பெரியப்பாவின் கை அம்மாவின் தட்டுக்குள் இருந்தது.

"அம்மா, பெரியப்பா உன் தட்டுல கை வைக்கிறார்."

"ஐஸ் சரி பண்ணுவார். நீ பேசாம இரு."

"ஜெயிச்சுட்டே இருக்கார், அப்புறமும் ஏன் எடுக்கிறார்?"

"பேசாம இருன்னேன்ல?"

முதலாளி வந்ததும் பெரியவர்கள் இருவரையும் ஒதுங்கச் சொன்னார். "பாப்பா எண்ணட்டும். பிள்ளை வாயில பொய் வராது."

எண்ணினாள். பெரியப்பா தட்டில் எட்டு. அம்மா தட்டில் ஒன்பது.

தப்பாக எண்ணிவிட்டோமோ என்று ஒவ்வொன்றாகப் புரட்டினாள். கடைசி நண்டுக்கு இரண்டு கால்கள் குட்டை. ஒடித்த இடத்தில் புதிதாக முளைக்கும் கால்தான் அப்படி இருக்கும். அம்மா எந்த நண்டின் காலையும் ஒடித்ததில்லை.

நிமிர்ந்தாள். பெரியப்பா இடுப்பிலிருந்த குறட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தார். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"என்ன பாப்பா, எத்தனை?"

"அம்மாது ஒன்பது," என்றாள் சின்னவள்.