பீரோவில் பூட்டிய எண்ணெய்

ஈரலில் கொழுப்பு என்று டாக்டர் சொன்ன அன்றே, வேலப்பன் வீட்டு எண்ணெய்க் கேனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். அன்றிலிருந்து அவன் மனைவி தவமணி வறட்டுக் கல்லில் தோசையைப் பிய்த்துப் பிய்த்து எடுத்தாள். இன்று இரண்டாவது ஸ்கேனில் கொழுப்பு இன்னும் கூடியிருந்தது.

“இவதான் திருட்டுத்தனமா எண்ணெய் ஊத்துறா சார்” என்று பக்கத்தில் நின்றவளைக் காட்டினான்.

“குடிக்கிறதை விட்டாச்சா?” என்று கேட்டார் டாக்டர்.

“அதுல ஒரு சொட்டு எண்ணெய் கிடையாதே!”

“சாராயத்தை எரிக்கவே ஈரலுக்கு நேரம் சரியாப் போகுது. கொழுப்பை எரிக்க முடியாம அங்கேயே சேர்த்து வைக்குது.”

வீட்டுக்கு வந்ததும் தவமணி அடுப்பில் கல்லைப் போட்டுவிட்டு, எண்ணெய்க்காக அவனிடம் கையை நீட்டினாள். அவன் பீரோவைத் திறந்தான். எண்ணெய்க் கேனும் சாராயப் பாட்டிலும் ஒட்டி நின்றன. உள்ளே போன கை எதையும் தொடாமல் இரண்டுக்கும் நடுவில் நின்றது. கல் புகைய ஆரம்பித்தது.