ஆதாரமில்லாத பாவம்

வரலாற்றுப் பேராசிரியர் ஆய்வேட்டின் ஒரு வரியைச் சிவப்பு மையால் சுழித்தார்.

"'பஞ்சத்திலும் தேவாலயப் பள்ளிக்கூடம் பிழைத்தது ஆண்டவர் சித்தம்.' அடிக்குறிப்பு எங்கேம்மா?"

"அது விசுவாசம் சார்."

"அது உனக்கு. படிக்கிறவனுக்கு ஆதாரம் வேணும். யார் சோறு போட்டா, யார் நிலம் குடுத்தா? தேடு!"

ஆய்வு மாணவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்யத் தேவாலயத்துக்குப் போனாள். பங்குச் சாமியார் ஊரில் இல்லை; அவருக்குப் பதிலாக வேறு யாரோ வந்திருந்தார். சாமியாரின் முகத்தை மறைத்த மரத்தட்டிக்கு இந்தப் பக்கம் முழந்தாளிட்டாள்.

"சாமி, என் பேராசிரியரை மனசுக்குள்ள வண்டி வண்டியாத் திட்டிட்டேன். ஆனா என்மேல மட்டும் தப்பில்ல சாமி. அந்த ஆளு சுத்த நாத்திகர்!"

தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் தொண்டையைச் செருமினார்.

"அடிக்குறிப்பு எங்கேம்மா?"