ஒரு குறிப்பு கூடுதல்

ஷஹர்பானு இறந்து நான்கு மாதமாகியிருந்தது. அவள் போனில் எழுதி வைத்திருந்த நாற்பது குறிப்புகளைப் பத்திரப்படுத்த, கணவர் ஜான் பாஷா நல்ல ஆப் ஒன்றைத் தேடினார். மகள் ஷாஹிஸ்தா அவற்றை ஓர் ஆப்பில் ஏற்றினாள். நாற்பத்தொன்று என்று காட்டியது.

கூடுதல் குறிப்பில், "அவருக்குச் சளி. மிளகு ரசம் வைக்கணும்" என்றிருந்தது. அவருக்குச் சளி பிடித்தது நேற்றுதான்.

வேறொரு ஆப்பில் ஏற்றினாள். நாற்பத்திரண்டு. "மழை வருது. கொடியில துணி இருக்கு." ஷாஹிஸ்தா மாடிக்கு ஓடித் துணிகளை அள்ளும்போது தூறல் விழுந்தது.

மூன்றாவதில் நாற்பத்து மூன்று. "அவரு சரியாத் தூங்கறதே இல்ல. என்னன்னு கேக்கணும்."

"போதும் அத்தா. மூணுமே நல்லாத்தான் இருக்கு. ஏதாவது ஒண்ண வச்சுக்கலாம்" என்றாள் ஷாஹிஸ்தா.

ஜான் பாஷா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எதுவும் சரியில்லம்மா. வேற ஒண்ணு பாரு."