மாமனார் போட்ட துளை

"இந்தா, இன்னொண்ணு!" என்று கிளீட்டஸ் தூண்டிலை உயர்த்தினார். உறைந்த ஏரிமேல் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் வயிறு எரிந்தது. மஞ்சள் பெர்ச் மீன். உடம்பில் பச்சைப் பட்டை, ஆரஞ்சுத் துடுப்பு, உள்ளங்கையைத் தாண்டிய நீளம்.

எல்லோரும் பார்த்தாகிவிட்டது என்று தெரிந்ததும் கிழவர் பனிக்கட்டியில் தான் போட்டிருந்த துளைமேல் குனிந்தார். பெரிய கம்பளிக் கோட்டு கூடாரம்போல் மூடிக்கொண்டது. உள்ளே ஏதோ கழற்றி, ஏதோ மாட்டி, தூண்டிலை மறுபடி இறக்கினார்.

பக்கத்துத் துளையில் அவருடைய மாப்பிள்ளை டுவேன். அவன் வாளியில் இருந்தது காற்று.

"மாமா, நமக்கு நடுவுல ரெண்டு எட்டுதான் இருக்கு. உங்களுக்குக் கடிக்குது, எனக்கு மட்டும் ஏன் கடிக்க மாட்டேங்குது?"

"மீனுக்கும் ஆளைப் பார்த்துத்தான் பசிக்கும் மாப்ளே."

கூட்டம் சிரித்தது. கூட்டம் என்றால் ஏரியின் இந்தக் கிரீன் பே வளைகுடாவில் பாதிப் பேர். காலையில் எல்லோரும் தீவோரப் பாறைத்திட்டில்தான் இருந்தார்கள். கிளீட்டஸ் இங்கே வந்து முதல் மீனைத் தூக்கியதும் கூடாரம், நாற்காலி, பியர் எல்லாவற்றையும் சறுக்குவண்டியில் போட்டு இழுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள்.

வந்ததும் ஆளுக்கொரு துளை போட்டுவிட்டு, "சும்மா இந்தப் பக்கம் வந்தோம்" என்றார்கள். ஒருவன் மீன் பிடித்தால் அவன் மடியில் போய் உட்காருவது இந்த ஊர் வழக்கம். துளைபோடும் மெஷின் சத்தத்துக்கு மீன் ஓடிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்தவன் மெஷினுக்குத்தான் ஓடும் என்பது அவரவர் கட்சி.

டுவேனுக்கு இன்று மீன் வேண்டும். கௌரவத்துக்காக அல்ல, அது போய் நாளாகிவிட்டது. பெண்டாட்டி மார்லிஸோடு பந்தயம் கட்டியிருந்தான்.

தவக்காலம் வந்தால் வெள்ளிதோறும் சர்ச் கூடத்தில் மீன் வறுவல் விருந்து. வருஷா வருஷம் மார்லிஸ் மாவு கரைத்து மீன் பொரிப்பாள். டுவேன் ஏரிக்குப் போய், வெறும் வாளியோடு திரும்பி, சாப்பாட்டு வரிசையில் முதல் ஆளாக நிற்பான்.

இந்த வருஷம் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "மத்தியானத்துக்குள்ள யாரு அதிகமா பிடிக்கிறாங்களோ அவங்களுக்கு ஏரி. தோத்தவங்களுக்கு எண்ணெய்ச் சட்டி. தவக்காலம் பூரா."

சட்டிகூடப் பரவாயில்லை. அந்த அடுப்படிக்குத் தலைமை டோலோரஸ் அம்மாள். போன வருஷம் அங்கே உதவப் போன ஒரு ரிட்டையர்டு போலீஸ்காரர் வெங்காயம் நறுக்கும்போது அழுதார். வெங்காயத்தால் அல்ல.

"ஆமா, உன் வீட்டம்மா எங்கப்பா?" என்றான் கூட்டத்தில் இருந்த ராட்னி, மீசையில் தொங்கிய பனியைத் தட்டிவிட்டுக்கொண்டே.

டுவேன் கையைக் காட்டினான். தூரத்தில், பாறைத்திட்டில், ஒற்றைச் சிவப்புக் கூடாரம்.

"நாம எல்லாரும் விட்டுட்டு வந்த இடத்துலயா? ஐயோ பாவம். யாராவது போய்ச் சொல்லுங்கப்பா."

"வாயை மூடுடா, யாரும் சொல்ல வேணாம்" என்றான் அவளுடைய அன்புக் கணவன்.

டுவேன் மலைபோல் நம்பியது, கடன் சொல்லி வாங்கிய மீன்காட்டும் மெஷினை. தண்ணீருக்குள் ஒரு புழு நெளிந்தாலும் திரையில் கோடு விழும். மாமனார் துளைப் பக்கம் அதைத் திருப்பினான். அவருடைய தூண்டில் மட்டும் ஒற்றைக் கோடாகத் தெரிந்தது. சுற்றிலும் ஏரி காலி. அடுத்த நிமிஷமே அங்கிருந்து கிளீட்டஸ் ஒரு பெர்ச்சைத் தூக்கினார்.

டுவேன் மெஷினை ஓங்கி நாலு தட்டுத் தட்டினான். "கடைக்காரன் ஓட்டை மெஷினைத் தலைல கட்டிட்டான் மாமா."

"மெஷினை விடு. உன் புழு குளிர்ந்துபோய்க் கிடக்கு. கன்னத்துல ஒதுக்கி வெச்சுக்கோ. சூடா இருந்தாத்தான் மீன் தொடும்."

டுவேன் யோசிக்கவில்லை. வெள்ளைப் புழுக்களை ஒரு சிட்டிகை அள்ளி வாயில் ஒதுக்கினான். அதைப் பார்த்த ராட்னி ரெண்டு சிட்டிகை ஒதுக்கினான். கொஞ்ச நேரத்தில் கூட்டம் மொத்தமும் கன்னம் உப்பி, வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது. நடுவில் ராட்னிக்கு ஒரு பெரிய விக்கல் வந்தது. அதற்குப் பிறகு அவன் கன்னம் உப்பியிருக்கவில்லை.

கிளீட்டஸ் மறுபடி ஒன்றைத் தூக்கினார்.

"மீன் துள்ளவே இல்லையே மாமா?"

"இந்தக் குளிர்ல நானே துள்ளல."

டுவேன் புழுக்களைத் துப்பிவிட்டு அவர் காதருகே வந்தான். "மாமா, உங்க மீன்ல பாதி குடுங்க. மார்லிஸுக்குத் தெரிய வேணாம். என்னை அந்த டோலோரஸ்கிட்ட அனுப்பிடாதீங்க."

"சேச்சே! பந்தயம்னா ஒரு நேர்மை வேணாமா மாப்ளே?"

பன்னிரண்டு மணி நெருங்கியது. டுவேன் வெறி வந்தவன்போல் துளைபோடும் மெஷினைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய்ப் புதிதாகத் துளைக்க ஆரம்பித்தான். கிளீட்டஸின் மாப்பிள்ளையே இடம் மாற்றுகிறான் என்றால் விஷயம் இருக்கும் என்று கூட்டமும் அவன் பின்னால் ஓடித் துளைத்தது. ஏரியே அதிர்ந்தது.

அந்த இரைச்சலில் கிளீட்டஸின் கோட்டுக்குள் போன் அடித்தது. அவர் துளைமேல் நன்றாகக் குனிந்துகொண்டார்.

"மார்லிஸ், வாளி நிறைஞ்சுதாம்மா? இங்க இந்த ஒரே மீனுக்கு வாய் கிழிஞ்சுபோச்சு."